பின்பற்றத்தக்கார் யாவர்?

பண்டைத் தமிழர் போரிலே பட்ட வீரனுக்குக் கல் நட்டனர். அக்கல் நடும் முறையைத் தொல்காப்பியர் ஆறு நிலைகளாக வகுத்துக் கூறுகின்றார். அவற்றுள் முதலாவது காட்சி என்பதாகும். வீரனுக்கு உரிய கல்லைத் தேடிச் சென்று, இதுவே தக்கது என்று கண்டு தெளிதலே காட்சி. அக்கல்லைக் கொள்ளுதலும், நீர்ப்படுத்துதலும், நடுதலும், சிறப்புச் செய்தலும் அதன் பின்னர் நிகழும். வாழ்த்துதல் எல்லாவற்றுக்கும் ஈற்றில் வரும். தேடுதல் முதலிலும் வாழ்த்துதல் முடிவிலும் வைக்கப்பட்ட இவ்வொழுங்கு சிந்திக்கத்தக்கது.

நடுகல் பெற்றவர் எல்லாரும் மன்னர் அல்லர். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையிலே 2006 ஆம் ஆண்டிற் கண்டெடுக்கப்பட்ட பழங்கற்களுள் ஒன்று, ஆநிரை கவர்ந்த பூசலிலே பட்ட ஒருவனின் பெயரையும் ஊரையும் தமிழ்ப் பிராமி எழுத்திற் சில சொற்களாற் கூறி அமைகின்றது. செங்கத்தை அடுத்த எடுத்தனூரிலே, மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல் ஒன்று உண்டு. அதிலே வீரனோடு அவன் வளர்த்த நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் அந்நாய் கள்வர் இருவரைக் கடித்துத் தன் தலைவனுக்குத் துணை நின்ற செய்தியும் கல்லிலே பொறிக்கப்பட்டுள்ளது. குலமும் செல்வமும் நோக்காது, செய்த செயலை நோக்கி ஊரார் அளித்த சிறப்பு அது. அச்செயலைக் கண்ணாற் கண்டவர்களே கல்லையும் நட்டார்கள். ஆதலின் புகழுக்கும் செயலுக்கும் இடையே பெருந்தூரம் இருக்கவில்லை.

இன்று அத்தூரம் மிகப் பெரிதாகிவிட்டது. ஒருவர் செய்த செயல் ஒரு கண்டத்திலே நிகழ, அவர் புகழ் மற்றொரு கண்டத்திலே பரவுகின்றது. திரைப்பட நடிகரையும், கிரிக்கெற் வீரரையும், அரசியற் பேச்சாளரையும் மக்கள் நேரில் அறிவதில்லை. அவர்தம் படத்தையும் பேச்சையுமே அறிகின்றனர். கைத்தொலைபேசியின் திரையிலே ஒரு நாளில் நூறு முகங்கள் தோன்றி மறைகின்றன. எந்த முகத்தைப் பலர் பார்த்தனரோ அந்த முகத்தையே மேலும் பலருக்குக் காட்டுமாறு அக்கருவியின் ஒழுங்கு அமைக்கப்பட்டிருக்கின்றது. இவ்வாறு புகழே புகழை வளர்க்கின்றது. செயல் எங்கே என்று கேட்பதற்கு நேரம் இல்லை.

இதனால் விளையும் நட்டம் சிறிதன்று. குழந்தை நடக்கக் கற்பதும் பேசக் கற்பதும் பிறரைப் பார்த்தே; நல்லதென எதனை மதிப்பது என்பதையும் அவ்வாறே கற்கின்றது. பத்து வயதுச் சிறுவன் தன் அறைச் சுவரில் எவருடைய படத்தை ஒட்டுகின்றானோ, அவர் நடந்த வழியிலே தன் மனத்தால் ஒருமுறையேனும் நடந்து பார்க்கின்றான். ஆகவே, பின்பற்றத்தக்கார் யாவர் என்ற வினா ஓய்வு நேரத்து விவாதப் பொருள் அன்று. ஒரு தலைமுறையின் ஒழுக்கம் அதன் விடையிலே தங்கியிருக்கின்றது.

பெரியோரைப் போற்றுதல் பற்றி மேலைநாட்டார் பலவாறு எழுதியுள்ளனர். தோமஸ் கார்லைல் என்னும் ஸ்கொத்லாந்து நூலாசிரியர் 1840 ஆம் ஆண்டிலே இலண்டனில் வீரரும் வீர வழிபாடும் என்ற பொருள் பற்றித் தொடர் சொற்பொழிவுகள் ஆற்றினார். உலக வரலாறு என்பது பெரிய மனிதரின் வரலாறே என்பது அவர் கொள்கை. அக்கொள்கையை அளவுக்கு மீறிக் கொண்டாடியவர் தனி ஒருவரிடம் நாட்டையே ஒப்படைத்து அழிந்ததை இருபதாம் நூற்றாண்டு கண்டது. அந்நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர், டானியல் பூர்ஸ்டின் என்னும் அமெரிக்க வரலாற்றாசிரியர் வேறொரு நோயைச் சுட்டிக் காட்டினார். பழைய வீரன் தான் செய்த செயலாற் புகழ் பெற்றான். புதிய காலத்துப் பிரபலரோ புகழ் பெற்றவர் என்பதனாலேயே புகழ் பெற்றிருக்கின்றார் என்பது அவர் கூற்றின் சாரம். திரைப்படமும் வானொலியும் தொலைக்காட்சியும் மட்டும் இருந்த காலத்திலே கூறப்பட்ட இக்கருத்து, இன்றைய நிலைக்குப் பன்மடங்கு பொருந்துகின்றது.

செயலை ஆராயாது புகழை நம்புவதால் இரண்டு தீமைகள் அடுத்தடுத்து வருகின்றன. முதலாவது கண்மூடி வழிபடுதல். இரண்டாவது, வழிபட்ட உரு உடைந்தபோது உலகில் நல்லவரே இல்லை என்று சலித்துக்கொள்ளுதல். முதலாவதிலும் இரண்டாவதே கொடிது. ஏமாந்தவன் ஒரு நாள் தெளியலாம். எவரையும் மதிக்க மறுப்பவனோ தான் நல்லவனாக முயலவேண்டிய கடமையிலிருந்தும் விலகிவிடுகின்றான். இவ்விரண்டுக்கும் ஏற்ற எடுத்துக்காட்டு அண்மைக் காலத்திலேயே உண்டு.

அமெரிக்கராகிய லான்ஸ் ஆம்ஸ்ரோங் துவிச்சக்கரவண்டிப் பந்தய வீரர். 1996 ஆம் ஆண்டிலே அவருக்குப் புற்றுநோய் கண்டது. நோய் உடலிற் பரவியிருந்தும் அவர் சிகிச்சை பெற்று மீண்டார். பிரான்சு நாட்டைச் சுற்றி மூன்று வாரம் நடைபெறும் கடும் பந்தயத்திலே 1999 முதல் 2005 வரை ஏழு ஆண்டுகள் இடைவிடாது முதலிடம் பெற்றார். புற்றுநோயாளருக்கு உதவ அவர் அமைத்த நிறுவனம் 2004 ஆம் ஆண்டு முதல் விற்ற மஞ்சள் நிறக் கைவளையங்களை உலகெங்கும் கோடிக்கணக்கானோர் அணிந்தனர். மரணப் படுக்கையில் இருந்து எழுந்து மலையேறி வென்ற மனிதர் என்று நோயாளரும், மாணவரும், வைத்தியரும் அவரைப் போற்றினர். இதிலும் சிறந்த வீர வரலாறு ஒன்றைக் கற்பனையிலும் படைத்தல் அரிது.

2012 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே அமெரிக்காவின் ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனம் தன் அறிக்கையை வெளியிட்டது. அவருடைய வெற்றிகள் தடைசெய்யப்பட்ட மருந்துகளின் துணையாற் பெறப்பட்டவை என்பதை உடன் ஓடியவர் பலரின் சாட்சியம் நிறுவியது. ஏழு பட்டங்களும் பறிக்கப்பட்டன. 2013 ஆம் ஆண்டு சனவரியிலே தொலைக்காட்சிப் பேட்டியொன்றில் அவர் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவரை நம்பியிருந்தோர் பலர் இனி யாரை நம்புவது என்று மனங்கசந்தனர்.

ஆயினும் அவ்வரலாற்றிலே உண்மையான வீரர் ஒருவரும் இல்லாமற் போகவில்லை. அவரைப் பார்ப்பதற்கு எவரும் முகத்தைத் திருப்பவில்லை, அவ்வளவே. எம்மா ஓரெய்லி என்னும் ஐரிஷ் பெண்மணி அப்பந்தயக் குழுவிலே வீரர்களின் உடலைப் பிடித்துவிடும் வேலை பார்த்தவர். தாம் கண்டவற்றையும் கேட்டவற்றையும் அவர் டேவிட் வோல்ஷ் என்னும் பத்திரிகையாளரிடம் கூறினார். வோல்ஷும் பிரெஞ்சு எழுத்தாளர் ஒருவரும் சேர்ந்து 2004 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே அச்சாட்சியம் இடம்பெற்றது. உடனே உலகப் புகழ் பெற்ற வீரர் அவர்மீது வழக்குத் தொடுத்தார். அவருடைய நடத்தையைப் பற்றி இழிவாகப் பேசினார். பணமும் புகழும் ஒருபுறம், கூலிக்கு வேலை செய்த ஒரு பெண்ணின் சொல் மறுபுறம். எட்டு ஆண்டுகள் கழித்தே அச்சொல் மெய்யென உலகம் ஏற்றது. அந்த எட்டு ஆண்டுகளிலும் அது மெய்யாகவே இருந்தது.

ஒரே நிகழ்ச்சியிலே போலி வீரரும் மெய் வீரரும் அருகருகே நின்றனர். ஒளி ஒருவர்மீது மட்டும் விழுந்தது. இதிலிருந்து ஓர் உரைகல் கிடைக்கின்றது. பொன்னை உரைத்தறியும் கல்லை மனிதரை அறிதற்கும் உவமையாக்கிய வள்ளுவர், செயலையே அக்கல்லாகக் கொண்டார். செயலை எவ்வாறு உரைப்பது? அச்செயலாற் பயன் பெற்றவர் யார், அதன் விலையைக் கொடுத்தவர் யார் என்று கேட்டால் பெரும்பாலும் விடை தெளிவாகிவிடும். ஆம்ஸ்ரோங் பெற்ற புகழுக்கு விலை கொடுத்தவர் நேர்மையாக ஓடித் தோற்றவரும், உண்மை பேசி இடர்ப்பட்டவருமாவர். ஓரெய்லி கூறிய உண்மைக்கு விலை கொடுத்தவர் அவரே.

இரண்டாவது உரைகல், காண்பார் இல்லாத இடத்திலே ஒருவர் எப்படி நடந்தார் என்பது. 1983 ஆம் ஆண்டு செப்டெம்பர் 26 ஆந் திகதி அதிகாலையில், மொஸ்கோவுக்குத் தெற்கே நிலத்தடி அறையொன்றிலே ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ் என்னும் சோவியத் படை அதிகாரி கடமையில் இருந்தார். அமெரிக்காவிலிருந்து அணுவாயுத ஏவுகணைகள் புறப்படுகின்றனவா என்று செயற்கைக் கோள்களின் வழியே காவல் பார்ப்பது அங்கு இருந்தோரின் பணி. நள்ளிரவு கழிந்த சிறிது நேரத்தில் அபாயச் சங்கு ஒலித்தது. ஓர் ஏவுகணை புறப்பட்டதாகக் கருவி காட்டியது. பின்னர் மேலும் நான்கு புறப்பட்டதாகக் காட்டியது. இரு வல்லரசுகளுக்கும் இடையே பகை முற்றியிருந்த காலம் அது. அம்மாதம் முதலாந் திகதியன்றே தென் கொரியப் பயணிகள் விமானம் ஒன்று சோவியத் போர் விமானத்தாற் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டிருந்தனர்.

கருவி காட்டியதை அவ்வாறே மேலிடத்துக்கு அறிவித்திருந்தால் அவரை எவரும் குறை கூறியிருக்கமாட்டார். அதன் விளைவு பதிலடியாக அமைந்திருப்பின் குறை கூறுவதற்கே எவரும் எஞ்சியிரார். உண்மையாகவே தாக்குவோர் ஐந்தே ஏவுகணைகளோடு தொடங்குவரோ என்று பெத்ரோவ் எண்ணினார். தரையில் அமைந்த ராடர் நிலையங்களிலிருந்து உறுதிப்படுத்தும் செய்தி எதுவும் வரவில்லை. கருவியும் புதியது. இது கருவியின் கோளாறே என்று அவர் அறிவித்துவிட்டுக் காத்திருந்தார். சில நிமிடங்கள் கழிந்தன. எந்த ஏவுகணையும் வரவில்லை. உயர்ந்த முகில்களின் மேற் பட்ட சூரிய ஒளியைச் செயற்கைக் கோள் ஏவுகணையின் தீ என்று மயங்கியது பின்னர் தெரியவந்தது.

அவருக்குப் பரிசு கிடைக்கவில்லை. அன்றிரவு பதிவேட்டை ஒழுங்காக எழுதவில்லை என்று கண்டிக்கப்பட்டார். சோவியத் ஒன்றியம் கலைந்த பின்னரே இச்செய்தி வெளியே வந்தது. 2017 ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் இறந்தபோதும், உலகப் பத்திரிகைகள் அதனை அறியச் சில மாதங்கள் சென்றன. தாம் செய்தது தம் வேலை மட்டுமே என்று அவர் கூறி வந்தார். வேலையை வேலையாகச் செய்வதற்கு எத்துணைத் துணிவு வேண்டும் என்பதை அவ்வொரு இரவு காட்டுகின்றது.

மூன்றாவது உரைகல், புகழ் தேடி வந்தபோது ஒருவர் அதனை எவ்வாறு ஏற்றார் என்பது. நிக்கலஸ் விண்டன் இலண்டனில் பங்குத் தரகராய் இருந்த இளைஞர். 1938 ஆம் ஆண்டு இறுதியிலே விடுமுறையைக் கழிக்க வேறிடம் செல்ல இருந்தவர், நண்பர் ஒருவர் அழைத்ததனாற் பிராக் நகருக்குச் சென்றார். நாசிகளுக்கு அஞ்சி அகதிகளான யூதக் குடும்பங்களின் நிலையை அங்கே கண்டார். இலண்டன் திரும்பியதும் பிள்ளைகளுக்கு நுழைவுச் சீட்டும், பிணைப் பணமும், வளர்க்கும் இல்லங்களும் தேடிக் கடிதம் எழுதத் தொடங்கினார். 1939 ஆம் ஆண்டிலே புகைவண்டிகளின் மூலம் 669 பிள்ளைகள் பிரித்தானியாவை அடைந்தனர். செப்டெம்பர் முதலாந் திகதி புறப்பட இருந்த கடைசி வண்டி, அன்றே போர் மூண்டமையாற் புறப்படவில்லை.

விண்டன் இதனை விளம்பரப்படுத்தவில்லை. பெயர்ப் பட்டியல்கள் அடங்கிய பழைய ஏடு ஒன்று 1988 ஆம் ஆண்டிலே தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றிற் காட்டப்பட்ட பின்னரே உலகம் அவரை அறிந்தது. அவரைச் சுற்றி எழுந்து நின்ற பார்வையாளர், அவராற் காப்பாற்றப்பட்டு நடுவயது கடந்திருந்த அப்பிள்ளைகளே. புகழ் குவிந்தபோது அவர் செய்தது கவனிக்கத்தக்கது. டொறீன் வாரினர், திரெவர் சாட்விக் முதலியோர் பிராக் நகரிலேயே நின்று ஆபத்தான வேலையைச் செய்தனர். தாம் பாதுகாப்பான இடத்திலிருந்து கடிதங்களை எழுதியதே செய்தது என்று கூறினார். தம்மீது விழுந்த ஒளியை அருகில் நின்றவர்மீது திருப்புதல் மெய்யான பெருமையின் அடையாளம். 2015 ஆம் ஆண்டில், 106 ஆம் வயதில் அவர் காலமானார்.

இத்தகையோர் தூர தேசத்தில் மட்டும் தோன்றினர் என்பதில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை இருக்கின்றது. அதன் பெயருக்கு உரியவரான சாமுவேல் பிஸ்க் கிறீன் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தவர். 1847 ஆம் ஆண்டிலே, இருபத்தைந்து வயதில், மிஷன் வைத்தியராய் இலங்கைக்கு வந்தார். தாம் ஒருவரே எல்லா நோயாளரையும் பார்த்தல் இயலாது என்பதை விரைவில் உணர்ந்து, உள்ளூர் இளைஞருக்கு மேலைத்தேய வைத்தியத்தைக் கற்பிக்கலானார். தொடக்கத்தில் ஆங்கிலத்திற் கற்பித்தவர், 1860 ஆம் ஆண்டுகளிலே தமிழிற் கற்பிக்கத் துணிந்தார். ஆங்கிலம் கற்றவர் அரசாங்க உத்தியோகம் நாடி ஊரைவிட்டுப் போவர், தமிழிற் கற்றவர் ஊரிலே தங்கி வைத்தியம் செய்வர் என்பது அவர் கண்ட உண்மை.

தமிழிற் கற்பிக்க நூல் இல்லை. ஆதலால் அவரும் மாணவரும் நூல்களை மொழிபெயர்த்தனர். இரணவைத்தியம், கெமிஸ்தம் முதலிய நூல்கள் அவ்வாறு பிறந்தன. அறுபதுக்கும் மேற்பட்ட வைத்தியர் அவரிடம் பயின்று வெளியேறினர். 1873 ஆம் ஆண்டிலே தாயகம் திரும்பிய பின்னரும், 1884 ஆம் ஆண்டில் இறக்கும்வரை, தமிழ் மருத்துவ நூற் பணியை அவர் கைவிடவில்லை. தமக்கு நினைவுக்கல் நாட்டினால் அதிலே தமிழருக்கு மருத்துவத் தொண்டு செய்தவர் என்று பொறிக்கவேண்டும் என்பது அவர் விருப்பம். அவ்வாறே பொறிக்கப்பட்டது. தமிழகத்தார் வீரனுக்குக் கல் நட்டது போல, தமிழ்த் தொண்டு கூறும் ஒரு கல் அமெரிக்க மண்ணிலும் நிற்கின்றது.

கிறீன் பிறந்த 1822 ஆம் ஆண்டிலேயே நல்லூரில் ஆறுமுக நாவலரும் பிறந்தார். கிறீன் கிறித்தவ சமயத்தைப் பரப்ப வந்தவர். நாவலர் அதனை எதிர்த்துச் சைவத்தைக் காக்க எழுந்தவர். சமயத்திலே இருவரும் எதிர் எதிர்த் திசையில் நின்றனர். ஆயினும் அறிவு மக்கள் மொழியிலே மக்களுக்குக் கிடைக்கவேண்டும் என்பதில் இருவரும் ஒரே பாதையில் நடந்தனர். நாவலர் 1848 ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் பள்ளிக்கூடம் தொடங்கினார், அச்சுக்கூடம் நிறுவினார், சிறுவர் விளங்கக்கூடிய தெளிந்த வசனத்திலே பாலபாடங்கள் எழுதினார். 1870 ஆம் ஆண்டுகளிலே பஞ்சம் வந்தபோது கஞ்சி வார்க்க ஏற்பாடு செய்தார். சாதி ஒழுங்கு பற்றி அவர் கொண்டிருந்த கருத்துக்களை இன்றைய அறிஞர் பலர் ஏற்பதில்லை. ஏற்கவேண்டிய கட்டாயமும் இல்லை.

இங்கே ஒரு முக்கியமான வேறுபாட்டை உணர்தல் வேண்டும். ஒருவரை முழுவதாக வழிபடுவது வேறு. அவரிடத்துள்ள ஒரு குணத்தைக் கற்றுக்கொள்வது வேறு. வழிபடுவோன் தன் தலைவனிடம் குறை உண்டு என்று கேட்டவுடன் ஒன்று சினம் கொள்கின்றான், அல்லது தலைவனையே கைவிடுகின்றான். கற்போனுக்கு அவ்விரண்டும் வேண்டுவதில்லை. நாவலரிடம் இடையறா உழைப்பையும், கிறீனிடம் பிறர் மொழியைத் தன் மொழியாகக் கொண்ட பணிவையும் அவன் பெற்றுக்கொள்ளலாம். இருவரிடத்தும் தனக்கு உடன்பாடில்லாதவற்றை மரியாதையோடு விட்டுவிடலாம். குற்றமே இல்லாதவரைத் தேடுவோன் எவரையும் காணமாட்டான். குணத்தைத் தேடுவோனுக்கு ஆசிரியர் பலர் கிடைப்பர்.

பெண்பாலாரிடையே இத்தகையோர் பலர் இருந்தும் அவர் பெயர் பாடநூல்களிலே அரிதாகவே காணப்படுகின்றது. மேரி இரத்தினம் கனடாவிலே 1873 ஆம் ஆண்டிற் பிறந்து, வைத்தியராய் இலங்கைக்கு வந்து, தமிழர் ஒருவரை மணந்து இந்நாட்டவராகவே வாழ்ந்தவர். பெண்களின் உடல் நலத்துக்கும் வாக்குரிமைக்கும் உழைத்தார். 1930 ஆம் ஆண்டிலே லங்கா மகிளா சமிதியைத் தோற்றுவித்துக் கிராமப் பெண்களைச் சுகாதாரத்துக்கும் கைத்தொழிலுக்கும் ஒன்றுசேர்த்தார். 1937 ஆம் ஆண்டிலே கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவானார். 1958 ஆம் ஆண்டிலே மக்சேசே விருது கிடைத்தபோது அவர் எண்பதைக் கடந்திருந்தார். விருதுக்காக உழைத்திருப்பின் அத்துணைக் காலம் காத்திருந்திரார்.

இதுவரை கூறப்பட்டோருக்குப் பெயராவது எஞ்சியது. பெயரும் எஞ்சாத வீரரும் உளர். 1934 ஆம், 1935 ஆம் ஆண்டுகளிலே இலங்கையிற் பரவிய மலேரியாக் காய்ச்சல் ஏறக்குறைய எண்பதாயிரம் உயிர்களைக் குடித்தது. பின்னர் நுளம்பை ஒழிக்கும் மருந்து வீடு வீடாகத் தெளிக்கப்பட்டது. நோய் குறைந்து, 1963 ஆம் ஆண்டிலே நாடு முழுவதிலும் பதினேழு பேரே நோயாளராய்க் காணப்பட்டனர். வெற்றி கிட்டியது என்று காவல் தளர்ந்தது. அப்பத்தாண்டு முடிவதற்குள் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. மீண்டும் தொடக்கத்திலிருந்து உழைக்கவேண்டியதாயிற்று.

அவ்வுழைப்பைச் செய்தவர் யார்? பொதுச் சுகாதாரப் பரிசோதகரும், மருந்து தெளிப்போரும், இரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் எடுத்து நுண்பெருக்கியால் நோக்கியோருமே. ஆற்றுப் பள்ளங்களிலே தேங்கிய நீரை அவர்கள் தேடிச் சென்றனர். காய்ச்சல் கண்டவரின் குடிசையைத் தேடிச் சென்றனர். உள்நாட்டுப் போர் நடந்த ஆண்டுகளிலும் வடக்கிலும் கிழக்கிலும் இப்பணி அடியோடு நின்றுவிடவில்லை. 2012 ஆம் ஆண்டுக்குப் பின்னர் இந்நாட்டிலே தோன்றிப் பரவும் மலேரியா காணப்படவில்லை. 2016 ஆம் ஆண்டு செப்டெம்பரிலே உலக சுகாதார தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அவ்வறிவிப்பின் பின்னால் நின்ற ஆயிரக்கணக்கானோரில் ஒருவர் படமும் எந்தச் சிறுவனின் சுவரிலும் இல்லை. காய்ச்சலின்றி அச்சிறுவன் வளர்ந்திருப்பதே அவர்தம் நடுகல்.

இவ்வெடுத்துக்காட்டு மற்றொன்றையும் கற்பிக்கின்றது. வீரம் என்றதும் ஒரு கணத்திலே பாய்ந்து செய்யும் அருஞ்செயலே பலருக்கும் நினைவு வரும். எரியும் வீட்டினுள் நுழைதல் வீரமே, ஐயமில்லை. ஆனால் முப்பது ஆண்டுகள் சலியாது ஒரே வேலையைச் செம்மையாகச் செய்வதும் வீரமே. மழையிலும் வெயிலிலும் கருவுற்ற தாய்மாரின் வீடுகளுக்குத் துவிச்சக்கரவண்டியிற் சென்று வரும் குடும்பநல மாது, கையூட்டு வாங்க மறுத்துப் பதவி உயர்வை இழந்த எழுதுவினைஞர், கணவனை இழந்து தோட்டத்திலே கொழுந்து பறித்துப் பிள்ளைகளைப் படிப்பித்த தாய் ஆகியோரை ஒவ்வோர் ஊரும் அறியும். பெரும்பாலோருக்கு எரியும் வீட்டினுள் நுழையும் வாய்ப்பு வாழ்நாளில் வருவதில்லை. இத்தகையோர் நடந்த வழியோ எல்லாருக்கும் நாளைக் காலையிலேயே திறந்திருக்கின்றது. பின்பற்ற இயலுதல் என்பதே நான்காவது உரைகல்.

நடிகரையும் விளையாட்டு வீரரையும் பிள்ளைகள் விரும்புவதைத் தடுக்கவேண்டும் என்பது இதன் கருத்தன்று. திறமையைக் கண்டு மகிழ்தல் இயல்பு. நெடுநாட் பயிற்சியாற் பெற்ற திறமை மதிப்புக்கும் உரியது. பந்தை நன்றாக வீசுபவரிடம் பந்து வீசக் கற்கலாம். அவரிடமே வாழ்க்கையையும் கற்கவேண்டுமாயின், அவர் வாழ்க்கையையும் அறிந்த பின்னர் கற்கவேண்டும். திறமைக்கு உரிய மதிப்பை ஒழுக்கத்துக்கு உரியதாக மாற்றிக் கொடுப்பதிலேயே பிழை நிகழ்கின்றது.

ஆசிரியரும் பெற்றோரும் இதிலே செய்யக்கூடியது உண்டு. பிள்ளை ஒருவரைப் போற்றும்போது அப்போற்றுதலை நகைத்து ஒதுக்காமல், அவர் என்ன செய்தார், அதனால் யார் நன்மை பெற்றார், அவர் எதனை இழந்தார், பார்ப்பவர் இல்லாவிடினும் செய்திருப்பாரா என்று வினாவலாம். விடையைப் பிள்ளையே தேடட்டும். நான்கு வினாக்களுக்கும் நின்று பிடிப்பவர் நிலைப்பார். மற்றவர் தாமாகவே நழுவுவர். பெரியவர் சொல்லி விழுத்திய உருவத்தைப் பிள்ளை இரகசியமாக மீண்டும் நிறுத்தும். தானே ஆராய்ந்து விட்டதை மீண்டும் தேடாது.

பாடசாலைகளிலே மாணவர் உலகப் பெரியார் ஒருவரைப் பற்றிக் கட்டுரை எழுதுவது வழக்கம். அதனோடு, தம் ஊரில் வாழும் ஒருவரை நேரிற் கண்டு, அவர் செய்த தொழிலையும் பட்ட இடரையும் கேட்டு எழுதுமாறு செய்தல் நன்று. நூலிலிருந்து பெயர்த்தெழுதும் கட்டுரை தேர்வோடு மறையும். அயல் வீட்டு முதியவரின் திண்ணையில் இருந்து கேட்டு எழுதிய கட்டுரை மனத்தை விட்டு அகலாது. நாள்தோறும் வீதியிற் கண்டும் காணாது கடந்த ஒருவர் எத்தகையவர் என்பதை அறியும் சிறுவனுக்கு, அதன் பின்னர் ஊரே வேறாகத் தோன்றும்.

கணியன் பூங்குன்றனாரின் புகழ் பெற்ற புறப்பாட்டின் தொடக்கத்தை அறியாதவர் இல்லை. அதன் முடிவைச் சிந்திப்போர் குறைவு. பெரியோரைக் கண்டு வியந்து மயங்குதலையும், சிறியோரைக் கண்டு இகழ்தலையும் அப்புலவர் ஒருங்கே மறுக்கின்றார்; இகழ்தலே இரண்டிலும் கொடிது என்கின்றார். புகழின் ஒளியிலே கண் கூசாதவனுக்கே அவ்வொளிக்கு அப்பால் நிற்பவர் தெரிவர். எம்மா ஓரெய்லியும், பெத்ரோவும், பெயர் அறியாத மலேரியா ஊழியரும் அங்கேதான் நின்றனர். தொல்காப்பியர் முதலில் வைத்த காட்சி இன்றும் முதலிலேயே நிற்கவேண்டும். வாழ்த்துவதற்குமுன் தேடிக் காணுதல் வேண்டும். தேடுவோர் முதலிற் பார்க்கவேண்டிய இடம் தம் வீட்டு வாயிலுக்கு எதிரே உள்ள வீதி.